கமராவைப் பிடித்திருப்பது யார்?

எங்கள் இளைய இயக்குநர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த படத்தில் கமராவை ஆட்டுவதற்கு முன், அதைப் பிடித்திருப்பவர் யார் என்று ஒரு வரியில் எழுதி வையுங்கள். பெயர், வயது, என்ன வேலை, இந்த அறைக்குள் அவரை விட்டது யார். அந்த ஒரு வரியை எழுத முடியாவிட்டால் கமராவை முக்காலியில் பூட்டிவிட்டு வழக்கமான கதைப்படம் எடுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

நான் சினிமாக்காரன் இல்லை. ட்ரொண்ட்ஹெய்மில் முதுகலை முடித்து, ஒஸ்லோவில் தகவல் தொழில்நுட்ப ஆலோசகனாக வேலை செய்பவன். உபதலைப்புக் கோப்பு பிசகினால், ஒலியும் படமும் பொருந்தாவிட்டால், பொடியள் என்னிடம் அனுப்புவார்கள். அப்படிக் கடந்த ஓரிரு வருடங்களில் சில போலி ஆவணப்படங்களின் முதல் வெட்டைப் பார்க்கக் கிடைத்தது. உண்மை நிகழ்வொன்றை ஆவணமாக்கியதுபோல் பாவனை காட்டும் கற்பனைப் படங்கள். சங்கத் தேர்தல், கோயில் நிர்வாகச் சண்டை, மாப்பிள்ளை பார்க்கும் படலம் என்று கதைகள் நன்றாகவே இருந்தன. நடிப்பும் மோசமில்லை. ஆனால் கமரா எல்லாவற்றிலும் ஒரேமாதிரி நடுங்கியது. ஆட்கள் ஓடும்போதும் நடுங்கியது. கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போதும் நடுங்கியது. ஒரு படத்தில், கதவைப் பூட்டிக்கொண்டு குளியலறையில் தனியே அழும் பெண்ணையும் அது நடுங்கியபடி படம்பிடித்தது. கமரா எப்படி உள்ளே போனது என்று கேட்டேன். "அது அப்பிடித்தான் அண்ணை, டொக்கியுமென்ரறி ஸ்டைல்" என்றார் இயக்குநர்.

அந்த "ஸ்டைல்" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

ஆவணப்படக் கமரா ஏன் நடுங்குகிறது? அழகுக்காக யாரும் அதை நடுங்க விடுவதில்லை. 1960களில் தோளில் சுமக்கக்கூடிய 16 மில்லிமீற்றர் கமராவும், அதோடு இசைந்து ஓடும் ஒலிப்பதிவுக் கருவியும் வந்தபின், படப்பிடிப்பாளர்கள் ஆட்களின் பின்னால் ஓடத் தொடங்கினார்கள். அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் கமரா பிந்தி வந்தது. பேசத் தொடங்கியவரை அது தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாதி வசனம் போய்விடும். குவியம் தப்பித் திரும்பவும் பிடிபடும். நடுக்கம் என்பது இந்த அறியாமையின் பக்கவிளைவு. கமராக்காரருக்கு ஓர் உடம்பு இருந்தது; அந்த உடம்பு மூச்சு வாங்கியது, இடறியது, பயந்தது.

இப்போது வருவது அதுவல்ல. முக்காலியில் வைத்துச் சுத்தமாக எடுத்துவிட்டு, படத்தொகுப்பு மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தி ஆட்டத்தைச் சேர்க்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. உண்மையில் கை இடம் மாறினால், அருகிலிருக்கும் தேத்தண்ணிக் கோப்பை அதிகம் நகரும். பின்னாலிருக்கும் சுவர் குறைவாக நகரும். மென்பொருள் ஆட்டினால் கோப்பையும் சுவரும் ஒரே அட்டையில் ஒட்டிய படங்கள் மாதிரிச் சேர்ந்தே நகரும். ஒலி இன்னும் மோசமாகக் காட்டிக்கொடுக்கும். கையில் பிடித்த சிறு கமராவின் மைக்குக்கு மிக அருகில் இருப்பவர் அதைப் பிடித்திருப்பவர்தான். அவருடைய மூச்சும் விரல் உரசலும்தான் முதலில் கேட்கும். எங்கள் படங்களில் படம் நடுங்குகிறது. வசனமோ கொலரில் குத்திய மைக்கிலிருந்து பளிங்குபோல் வருகிறது. கண் ஒரு கதை சொல்ல, காது வேறு கதை சொல்கிறது.

கையால் பிடித்து எடுத்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது. கமராக்காரர் ஒத்திகை பார்த்திருந்தால், யார் எப்போது பேசுவார் என்று தெரிந்து முன்கூட்டியே திரும்பிவிடுவார். பார்ப்பவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ பிழை என்று மனம் சொல்லும். பேசாத முகத்தில் கமரா போய் நிற்கிறது, அந்த முகம் உடனே பேசுகிறது என்றால் அந்தக் கமராவுக்குத் தீர்க்கதரிசனம் இருக்கிறது. ஆவணப்படக் கமராவுக்கு அது இருக்கக் கூடாது.

இதை நன்றாகச் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள்? 1984இல் வந்த 'திஸ் இஸ் ஸ்பைனல் ரப்' படத்தில் இயக்குநர் ரொப் ரெய்னரே ஓர் ஆவணப்பட இயக்குநராக நடித்துச் சட்டகத்துக்குள் வந்து நிற்கிறார். படம் எடுப்பவர் யார் என்ற கேள்வி முதல் நிமிடத்திலேயே தீர்ந்துவிடுகிறது. 'தி ஒஃபிஸ்' தொடரின் அமெரிக்க வடிவம் 2005இல் தொடங்கியபோது, மெய்நிகழ்ச்சிகளில் ஓடித் திரிந்து பழகிய ரண்டல் ஐன்ஹோர்னை ஒளிப்பதிவாளராக எடுத்தார்கள். அந்தத் தொடரில் இரண்டு பேர் அந்தரங்கமாகக் கதைக்கப் போனால் கமரா பின்வாங்கும். யன்னல் திரைக்கு ஊடாகவோ ஒரு செடிக்குப் பின்னால் இருந்தோ எட்டிப்பார்க்கும். "இங்கே எனக்கு அனுமதி இல்லை" என்று கமராவே சொல்கிறது. பூட்டிய கதவு அந்தக் கமராவுக்குப் பூட்டிய கதவுதான். அந்தக் கட்டுப்பாட்டிலிருந்துதான் பாதிச் சிரிப்பும் முழுத் துக்கமும் வருகின்றன.

இன்னும் கிட்டத்தில், நோர்வேயிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அந்திரே ஓவ்ரெடால் இயக்கி 2010இல் வெளிவந்த 'டிரோல்யேகெரன்', அதாவது பூத வேட்டைக்காரன். இங்கே வளர்ந்த பிள்ளைகளில் பார்க்காதவர்கள் குறைவு. வொல்டா கல்லூரி மாணவர்கள் மூவர், களவாகக் கரடி சுடுகிறார் என்று சந்தேகிக்கப்படும் ஹன்ஸ் என்பவரைக் கமராவோடு பின்தொடர்கிறார்கள். அவர் சுடுவது கரடியை இல்லை, பூதத்தை. கதையின்படி பூதம் கிறிஸ்தவ இரத்தத்தை மணந்து பிடிக்கும். கமராவைப் பிடித்திருக்கும் காலே, தான் கடவுள் நம்பிக்கை உள்ளவன் என்பதை மறைத்துவிடுகிறான். குகைக்குள் அது வெளிப்படுகிறது, காலே சாகிறான். அவனுக்குப் பதிலாக வரும் மலிக்கா ஒரு முஸ்லிம் பெண். பூதத்துக்கு முஸ்லிம் இரத்தம் எப்படியிருக்கும் என்று ஹன்சுக்கும் தெரியாது.

இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் இதில் இருக்கும் ஒழுங்கைப் பாருங்கள். கமராவுக்குப் பின்னால் நிற்பவரின் சமயம் கூடக் கதையின் திருப்பமாகிறது. அவர் பொய் சொன்னால் சாகிறார். அவர் செத்தால் வேறொருவர் வந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. கமராவுக்கு உயிர் இருக்கிறது, ஆகவே மரணமும் இருக்கிறது. இருநூறு அடி உயரப் பூதத்தை நாங்கள் நம்புவது அசைவியக்கக் கலைஞர்களின் திறமையால் மட்டுமல்ல; காலேயை நம்பியதால்தான்.

அதே படத்தில் இன்னொரு பாடமும் உண்டு. முடிவில், அப்போது பிரதமராக இருந்த ஜென்ஸ் ஸ்டொல்டன்பேர்க் ஊடகச் சந்திப்பில் பேசும் உண்மையான காட்சி வருகிறது. அவர் பேசியது வடகடலில் உள்ள 'டிரோல்' எரிவாயு வயலைப் பற்றி. வெட்டி ஒட்டியதில், பூதங்கள் இருப்பதை நாட்டின் பிரதமரே ஒப்புக்கொள்வதுபோல் ஆகிவிடுகிறது. படம் முழுக்க நடுங்கிய கமரா சொன்னதைவிடப் பெரிய பொய்யை, ஆடாமல் அசையாமல் எடுத்த உண்மைக் காட்சி சொல்கிறது. நடுக்கம் உண்மைக்குச் சாட்சி இல்லை, அமைதி பொய்க்குச் சாட்சியும் இல்லை என்பதை ஒரு பகிடிப் படம் இவ்வளவு சுருக்கமாகக் காட்டிவிட்டது.

ஒஸ்லோவோடு சம்பந்தப்பட்ட இன்னொரு படத்தையும் சொல்ல வேண்டும். அது பகிடி இல்லை. ஆங்கிலேயரான பீற்றர் வொட்கின்ஸ், நோர்வே, சுவீடன் தொலைக்காட்சிகளுக்காக 1974இல் எடுத்த 'எட்வார்ட் மூங்க்'. கதை நடப்பது 1880களின் கிறிஸ்தியானியாவில், அதாவது அன்றைய ஒஸ்லோவில். அந்தக் காலத்தில் திரைப்படக் கமராவே கிடையாது. ஆனாலும் வொட்கின்சின் கமரா அந்தக் குடும்பத்தின் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறது. மூங்க் திரும்பி அதைப் பார்க்கிறார். தெருவில் நிற்கும் தொழிலாளப் பெண் அதைப் பார்த்துத் தன் நாளைப் பற்றிப் பதில் சொல்கிறாள். நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் இல்லை. பல இடங்களில் தங்கள் சொந்தக் கருத்தையே சொன்னார்கள்.

கமரா இருக்கவே முடியாத இடத்தில் கமரா. அப்படியானால் நான் மேலே சொன்ன விதியை இந்தப் படம் உடைக்கவில்லையா? இல்லை. அந்தக் கமரா எங்கும் நிறைந்த கடவுளாக நடக்கவில்லை, வந்து நின்று கேட்கும் மனிதராக நடக்கிறது. அது கேட்கிறது, காத்திருக்கிறது, சிலவேளை பதில் கிடைக்காமல் நிற்கிறது. வொட்கின்சின் குரலே விவரணையாக வருவதால், கேட்பவர் யார் என்பதிலும் ஒளிவு மறைவு இல்லை. யாரையும் ஏமாற்றும் எண்ணமும் இல்லை, ஏனென்றால் 1884இல் எடுத்த படம் என்று ஒருவரும் நினைக்கப் போவதில்லை. ஆவணப்பட முறையைக் கற்பனைக்குக் கடன் வாங்கினால், அந்த முறையின் ஒழுக்கத்தையும் சேர்த்து வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இதெல்லாம் வெறும் ரசனைச் சண்டை என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். வேறு எந்த மக்கள் நடுங்கும் கமராவை அலங்காரமாக்கினாலும் ஆக்கட்டும். எங்களுக்கு அந்த நடுக்கம் ஒரு வழக்கின் தடயம்.

2009 ஓகஸ்ட் 25ஆம் திகதி, பிரித்தானியாவின் சனல் 4 ஒரு காட்சியை ஒளிபரப்பியது. கண்கள் கட்டப்பட்டு, கைகள் பின்னால் கட்டப்பட்டு, நிர்வாணமாக்கப்பட்ட ஆண்கள் சுடப்படும் காட்சி. புலம்பெயர்ந்த இலங்கை ஊடகவியலாளர் அமைப்பு ஒன்று அதைக் கொடுத்திருந்தது. ஒரு சிப்பாயின் கைத்தொலைபேசியில் எடுக்கப்பட்டதாகச் சொன்னது. போலி என்றது இலங்கை அரசு. அது நிறுத்திய நிபுணர்கள், இது தொலைபேசியில் எடுத்ததல்ல, வீடியோ கமராவில் எடுத்தது, ஒலி பிறகு சேர்க்கப்பட்டது என்றெல்லாம் வாதிட்டார்கள். சுருங்கச் சொன்னால், எங்கள் சாவை ஒரு போலி ஆவணப்படம் என்றார்கள்.

சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் பற்றிய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் மூன்று சுயாதீன நிபுணர்களிடம் அந்தக் காட்சியைக் கொடுத்தார். ஒருவர் தடயவியல் மருத்துவர், ஒருவர் துப்பாக்கி நிபுணர், ஒருவர் வீடியோ ஆய்வாளர். துப்பாக்கி பின்னுதைக்கும் விதம், உடல் விழும் விதம், ஒலியும் படமும் பொருந்தும் விதம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 2010 ஜனவரியில் அல்ஸ்ரன், காட்சி உண்மையானது என்பதையே ஆய்வுகள் வலுவாகக் காட்டுவதாக அறிவித்தார். விளக்க முடியாமல் போன சிலவற்றையும் அவர் மறைக்கவில்லை: கடைசியில் இருந்த 17 சட்டகங்கள், கோப்புக்குள் பதிவாகியிருந்த 2009 யூலை 17 என்ற திகதி, சுடப்பட்ட சிலரின் அசைவுகள். அவருக்குப் பின் வந்த கிறிஸ்தோவ் ஹெய்ன்ஸ் 2011இல் நீளமான வடிவத்தையும் ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தார். அந்த ஆண்டு ஜூனில் சனல் 4 'சிறிலங்காவின் கொலைக்களங்கள்' படத்தை ஒளிபரப்பியது. பாதுகாப்பு அமைச்சு அதற்கு மறுப்பாகத் தானும் ஒரு படம் தயாரித்து வெளியிட்டது. அதிலும் விவரணை இருந்தது, நேர்காணல்கள் இருந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. "இது நடுங்குகிறது, ஆகவே உண்மை" என்று அந்த நிபுணர்களில் ஒருவரும் சொல்லவில்லை. எந்தக் கருவி, யார் நின்றார், எவ்வளவு தூரத்தில், ஒலி எங்கிருந்து வருகிறது, கோப்பு என்ன சொல்கிறது என்றுதான் கேட்டார்கள். என் தொழிலிலும் அதேதான். எந்த இயந்திரத்திலிருந்து, எந்த நேரத்தில் வந்தது என்று தெரியாத பதிவை வைத்து நாங்கள் எந்த முடிவுக்கும் வருவதில்லை.

இப்போது எங்கள் இளைய பார்வையாளரை நினைத்துப் பாருங்கள். பதினெட்டு வயது, ஸ்தோவ்னரிலோ புருசெட்டிலோ வளர்ந்தவர். நடுக்கம் என்பது ஒரு பொத்தான் என்று அவருக்குத் தெரியும். தானே தன் தொலைபேசியில் அதைப் போட்டிருப்பார். பெயரில்லாத, காரணமில்லாத, பூட்டிய கதவுக்குள்ளும் போகும் கமராவைத் தமிழ்ப் படங்களில் பத்துத் தடவை காட்டிவிட்டு, பதினோராவது தடவை 2009ஆம் ஆண்டின் காட்சியை அவர் முன் வைத்தால் என்ன நினைப்பார்? "ஸ்டைல்" என்று நினைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் பழக்கியது அது.

இந்த இடத்தில் எங்கள் பெரியவர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். "அதுக்குத்தான் தம்பி சொல்லுறம், எங்கட ஆக்கள் இந்தப் போலிப் படமே எடுக்கக் கூடாது. மறுக்கிறவனுக்கு நாங்களே பொல்லுக் குடுக்கிறதே?" இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஏமாறுவது முட்டாள்கள் மட்டும் இல்லை. அணுகுண்டு விழுந்தால் இங்கிலாந்து என்னவாகும் என்று இதே வொட்கின்ஸ் கற்பனையாக எடுத்த 'தி வோர் கேம்' படத்தை பிபிசி 1965இல் ஒளிபரப்ப மறுத்தது. பிறகு அதற்குச் சிறந்த ஆவணப்படத்துக்கான ஒஸ்கார் கிடைத்தது. பீற்றர் ஜக்சன் 1995இல் நியூசிலாந்துத் தொலைக்காட்சியில் காட்டிய 'ஃபொகொட்டன் சில்வர்' படத்தை நம்பி, பிறகு உண்மை தெரிந்து கோபப்பட்டவர்கள் பலர்.

ஆனாலும் பெரியவர்களோடு நான் உடன்படவில்லை. மறுப்பவருக்கு எங்கள் பொல்லு தேவைப்படவில்லை. 2009இல் மறுப்பு வந்தபோது தமிழில் போலி ஆவணப்படம் என்று சொல்லத்தக்க ஒரு மரபே இருக்கவில்லை. மறுப்புக்கு எதிரான ஒரே பாதுகாப்பு, கமராவை வாசிக்கத் தெரிந்த பார்வையாளர்கள். யார் பிடித்தார், ஏன் அங்கே நின்றார், எதைக் காட்டாமல் விட்டார் என்று எந்தக் காட்சியிடமும் கேட்கப் பழகியவர்கள். அரசின் படத்திடமும் கேட்க வேண்டும், எங்கள் படத்திடமும் கேட்க வேண்டும். 2007இல் நோர்வேயின் பெயாத்த ஆர்னெஸ்தா இரண்டு கரும்புலிப் பெண்களைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தைப் பார்த்தபோதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்: இந்தக் கமராவை வன்னிக்குள் விட்டது யார், எந்த நிபந்தனையில்? கேள்வி கேட்பதால் படம் பொய்யாகிவிடாது. கேள்வியைத் தாங்கும் படம்தான் நிற்கும்.

அப்படிக் கேட்கப் பழக்கும் பள்ளிக்கூடம் நல்ல போலி ஆவணப்படம். சிரித்துக்கொண்டே கமராவைச் சந்தேகிக்கக் கற்றுத்தரும் வேறு வடிவம் இல்லை. கெட்ட போலி ஆவணப்படம் அதற்கு நேரெதிர்: நடுக்கத்தை உண்மையின் சின்னமாக விற்று, பிறகு அந்தச் சின்னத்தையே மலினப்படுத்துகிறது.

சரி, எதைப் போலி செய்வது? லண்டன் அலுவலகத்தையோ அமெரிக்கத் தொடரையோ பார்த்துச் செய்ய வேண்டியதில்லை. எங்களுக்கென்று ஒரு கமரா இருக்கிறது. மண்டபக் கமரா. ஆண்டுவிழா, அரங்கேற்றம், சாமத்தியவீடு என்று நாற்பது வருடமாக ஓடும் கமரா. அது மண்டபத்தின் பின்பக்கத்தில் முக்காலியில் நிற்கும். குத்துவிளக்கு ஏற்றும்போது மெதுவாகச் சூம் போகும். திரி பிடிக்காது; நான்காவது பிரமுகர் நெருப்புக்குச்சியோடு போராடுவார்; கமரா வெட்டாமல் நிற்கும். முன்வரிசையை இடமிருந்து வலமாக ஒவ்வொரு முகமாகத் தடவும். ஒரு குழந்தை வில்லைக்குக் கிட்ட வந்து கைகாட்டும். தலைவர் உரை முழுதாக இருக்கும், கைதட்டல் பாதியில் அறுந்துவிடும்.

அதைப் பிடித்திருக்கும் வீடியோ அண்ணைக்கு எல்லாம் தெரியும். யார் யாரோடு கதைப்பதில்லை, எந்தக் குடும்பத்தை ஒரே சட்டகத்துக்குள் வைக்கக் கூடாது, காசு இன்னும் தராதவர் யார். 2009 ஏப்ரலில் ஒஸ்லோத் தெருக்களில் நின்ற எங்களில் பலர் கமராவைக் கண்டு முகத்தைத் திருப்பினோம். ஊரில் அம்மா அப்பா இருந்தார்கள். அப்போது யாருடைய முகத்தை எடுக்கக் கூடாது என்று தெரிந்திருந்தவர்களும் இந்த அண்ணைமார்தான். இவ்வளவு அறிவும் பயமும் உள்ள ஒரு பாத்திரம் கமராவுக்குப் பின்னால் சும்மா நிற்கிறது. அவரை விட்டுவிட்டு ஆளில்லாத நடுக்கத்தை மென்பொருளில் தேடுகிறோம்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். கமராக்காரர் யாரென்று முடிவு செய்யுங்கள். அவருக்கு ஒத்திகை காட்டாதீர்கள். வசனத்தை அவர் தேடிப் பிடிக்கட்டும். ஒரே கமரா என்றால் ஒரே கமராதான். ஒரே வசனத்துக்கு இரண்டு பக்க முகத்தையும் காட்டாதீர்கள். எந்தக் கதவுகள் அவருக்குப் பூட்டியிருக்கும் என்று பட்டியல் போடுங்கள். அவருடைய மூச்சு கேட்கட்டும். அவர் கண்டதற்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்று காட்டுங்கள்.

கடைசியாக, படம் முடிந்ததும் நடித்தவர்களின் பெயர்களைப் பெரிய எழுத்தில், வாசிக்கக்கூடிய வேகத்தில் போடுங்கள். எந்த ஊரில், எந்த மாதத்தில் எடுத்தது என்றும் போடுங்கள். இவர் நடித்தார், இவர் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார், வேலைக்குப் போகிறார் என்று எல்லோரும் அறியட்டும். பெயர் போடப்படாமல் விழுந்து கிடப்பவர்கள் எங்கள் மற்றக் காட்சிகளில் இருக்கிறார்கள். இரண்டையும் ஒருவரும் குழப்பிக்கொள்ளாமல் பார்ப்பது, கமராவைக் கையில் எடுத்தவரின் பொறுப்பு.